படத்தில் இருந்த கை

முதல் அடி கன்னத்தில் விழுந்தபோது எனக்குக் காரணம் புரியவில்லை. இரண்டாவது அடி விழுவதற்குள் புரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. காலை பதினோரு மணி இருக்கும். நான் நீட்டிய தாளை வாங்கிய ஆள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். 'விளக்கப் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டேன். படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட வேண்டியவர் உள்ளே கட்டிலில் கிடந்தார். மூன்று நாளைக்கு முன்பு வரை அவருக்கு வலது கை இருந்தது.

"எந்தக் கையால போடச் சொல்ற?" என்று அந்த ஆள் கேட்டார்.

என் வாயில் வந்த பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "இடது கை ரேகை வச்சாலும் போதும் சார்," என்றேன்.

அப்போதுதான் அடித்தார். மூக்குக் கண்ணாடி எகிறிப் போய் மருந்து டிராலிக்கு அடியில் விழுந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். பின்மண்டை சுவரில் இடித்து வாய்க்குள் ரத்தம் கசிந்தது. சுற்றிலும் நோயாளிகளோடு வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் விலக்க வரவில்லை.

"எங்க மாமா கையை மிஷின் வாயிலேர்ந்து இழுத்து எடுத்தவன் நான். ரேகையா வேணும் ஒனக்கு? அந்த மிஷின் பல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கும். போய்ச் சொரண்டி எடுத்துக்கோ," என்றார்.

அவர் கட்டிலில் கிடந்தவரின் மச்சான். மனைவியின் தம்பி. தாளை நாலாகக் கிழித்து என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு உள்ளே போனார். நான் தரையில் தவழ்ந்து கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அவர் அடித்தது நியாயம்தான். நான் யார் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு போட்டிருப்பார்.

நான் இயந்திரங்களுக்குத் தமிழ் எழுதுகிறவன். மருந்து அடிக்கும் கருவி, தண்ணீர் மோட்டார், களை எடுக்கும் மிஷின் என்று எது வந்தாலும் அதை எப்படி ஓட்டுவது, எப்படித் துடைப்பது, எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஊருக்கு வெளியே எங்கள் கம்பெனி ஷெட்டில் வைக்கோல் கட்டும் மிஷினைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போனால் வயலில் கிடக்கும் வைக்கோலைப் பல் சக்கரத்தால் அள்ளி, உள்ளே உருட்டி, உருளையாகக் கட்டிப் பின்பக்கம் துப்பிவிடும். ஊரில் அதைக் கட்டு மிஷின் என்பார்கள். அதனுடைய இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் எழுதியது நான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு முறை அச்சகத்தில் நான்கு பக்கத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது என்று புரூப்பைக் கிழித்து அச்சடிப்பவர் மூஞ்சியில் வீசியிருக்கிறேன். நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே, "வந்துட்டாருப்பா, டீ கிளாஸை அந்தாண்ட நகத்தி வை," என்று அச்சகத்தில் கிண்டல் பேசுவார்கள். தமிழ் எழுத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கொடுக்க வேண்டி வந்த அன்று ஒரு டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவனும் நான்தான்.

இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புக் கட்டம் கட்டி ஒரே ஒரு விஷயம் இருந்தது. மிஷின் அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது. டிராக்டரிலிருந்து மிஷினுக்குப் போகும் சுழல் தண்டை முதலில் லிவரைத் தள்ளி நிறுத்து. எஞ்சினை நிறுத்து. சாவியைப் பையில் போடு. எல்லாம் நின்றுவிட்டதா என்று கண்ணால் பார். அதற்குப் பிறகு இறங்கிக் கையை வை. இதை நான் ஐந்து வரியாக, சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தேன்.

முதலாளி கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவர் தோட்டத்துப் பலாப்பழம் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு வரும். அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார்.

"ஈர வைக்கோலா இருந்தா ஒரு நாளைக்குப் பத்து வாட்டி அடைக்கும் சார். பத்து வாட்டியும் நிறுத்து, சாவியை எடு, எறங்குன்னா வாங்குறவன் இன்னா நெனைப்பான்? இது அடைக்கிற மிஷின்னு நாமளே புத்தகம் போட்டுக் குடுக்குறாப்பல இருக்கு. இவ்ளோ ஜாஸ்தி வேணாம். பயமுறுத்தாம ஒரு வரி எழுதுங்க."

ஒற்றுக்காகப் புரூப்பைக் கிழித்தவன் இதற்கு மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். டீ வந்தது. குடித்தேன். என் இடத்துக்கு வந்து அந்த ஐந்து வரியையும் அடித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். 'அடைப்பை எடுக்கும்போது கவனமாக இருக்கவும்.'

அந்த வரியில் ஒரு பிழையும் கிடையாது. ஒரு தகவலும் கிடையாது. ஓடுகிற மிஷினுக்குள் கை வைக்கிறவன் எவனாவது கவனமில்லாமல் வைப்பானா? எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் கவனமாக இரு என்று சொல்வது, நாளைக்கு ஒன்று நடந்தால் 'அப்பவே சொன்னோமே' என்பதற்காக எழுதிவைப்பது. எழுதும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அந்தப் பக்கம் பாதி காலியாகிவிட்டது. வடிவமைக்கிறவர் ஒரு படம் வேண்டும் என்றார். ஷெட்டில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புதிய மிஷின் ஒன்று டிராக்டரில் மாட்டாமல் சும்மா நின்றது. அதன் வாயில் ஒரு கட்டு வைக்கோலைச் செருகிவைத்து, நானே கையை உள்ளே விட்டு இழுக்கிற மாதிரி நின்றேன். அவர் படம் எடுத்தார். படத்தில் மிஷினின் வாயும் வைக்கோலும் என் வலது கையும் மட்டும் விழுந்திருந்தன. மிஷின் எதிலும் மாட்டப்படவில்லை என்பது படத்துக்கு வெளியே போய்விட்டது. பார்க்கச் சப்பென்று இருக்கிறது என்று அவர் பல் சக்கரத்தின் மேல் சிவப்பில் ஒரு வளைந்த அம்பு போட்டார், சக்கரம் சுற்றுகிற திசையில். நன்றாக இருக்கிறது என்று நான் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாகிராமம் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு. சின்ன வயதில் கொட்டை உடைக்கும்போது அதன் எண்ணெய் தெறித்து என் வலது கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. இன்றும் அங்கே தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும். படத்தில் அந்தத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. அழித்துவிடட்டுமா என்று வடிவமைப்பவர் கேட்டார். இருக்கட்டும், உழைக்கிற கை மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

தை மாதம். சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு வயல். சம்பா அறுத்த வைக்கோல் பனியில் நனைந்து கிடந்திருக்கிறது. கை போன அந்த மனிதரும் அவருடைய மச்சானும் சேர்ந்து வாங்கிய மிஷின். ஓட்டுவது மாமா, பின்னால் உருளைகளைப் புரட்டி விடுவது மச்சான். காலையிலிருந்து மூன்று முறை அடைத்து மூன்று முறையும் மாமாவே எடுத்திருக்கிறார். நாலாவது முறை இழுத்தபோது வைக்கோல் கொத்து சட்டென்று பிடித்துக்கொண்டது. விட வேண்டும் என்று நினைப்பதற்குள் விரல்கள் போய்விட்டன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை வரை. மச்சான் வரப்பிலிருந்து ஓடி டிராக்டரில் ஏறி எஞ்சினை நிறுத்தியபோது மாமா மிஷினில் முகத்தை அழுத்தியபடி தொங்கிக்கொண்டிருந்தார். மிஷினுக்குள் இருக்கும் உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் கை வெளியே வரும். கடப்பாரையைக் கொடுத்து நெம்பிச் சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். வெளியே வந்ததைக் கை என்று சொல்ல முடியாது. அதைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

செய்தி எங்கள் அலுவலகத்துக்கு அன்றைக்கே வந்துவிட்டது. மூன்றாம் நாள் முதலாளி அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். "புத்தகம் வாங்கிக்கிட்டேன்னு ஒரு சைன் வாங்கிட்டு வந்துடுங்க. தேதி மட்டும் போட வேணாம்," என்றார். ஏன் போனேன் என்று கேட்டால் பயம் என்பதுதான் உண்மை. எந்தப் பக்கத்தைப் பார்த்து அவர் கை வைத்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

உதடு வீங்கி, சட்டைப் பையில் கிழிந்த தாளோடு மத்தியானம் கடலூர் திரும்பினேன். முதலாளி என் முகத்தைப் பார்த்து, "போலீஸ்ல குடுத்துடலாமா?" என்றார். அவர் மேசையில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. விபத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டியது. எடுத்துப் படித்தேன். 'அடைப்பை எடுக்கும்போது கவனமாக இருக்கவும் எனத் தமிழில் தெளிவாக அறிவுறுத்தியும் மேற்படி ஓட்டுநர் அலட்சியமாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம்.'

என் வரியை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். கை போனவர் தலையில் கட்ட நான் திரித்துக் கொடுத்த கயிறு. அதிகாரி இதை ஏற்றுக்கொண்டால் சாகும்வரை அவர் தன் கையைத் தானே தொலைத்த ஆள். பொண்டாட்டி பிள்ளைகூட ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டும். மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வீசினேன். முதலாளியின் காதை ஒட்டிப் போய்ப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. சில்லுகள் அவர் தோள் மேல் கொட்டின. குறி வைத்தேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "கோவப்படறீங்க. சரி. அந்த வரியை எழுதுனது யாரு சார்?"

படியிறங்கி வந்துவிட்டேன். கிளம்பும்போது பழைய ஐந்து வரி இருந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கை போனவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் போனேன். வாசலிலேயே கட்டு மிஷின் கிடந்தது. தகடு முழுக்க நசுங்கி, பற்கள் வளைந்து, ஒரு பக்கச் சக்கரம் பிய்ந்து தொங்கியது. கையை நெம்பி எடுத்த அதே கடப்பாரையால் மச்சான் இரண்டு நாள் அடித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் கைகளை உயர்த்தவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றேன். என்ன நினைத்தாரோ, "சைன் வாங்க வந்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, வேலையை விட்டுவிட்டேன் என்றேன். உள்ளே விட்டார்.

கை போனவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒத்த வயது. வலது கை முழங்கையோடு முடிந்து, அங்கே துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

"டிராக்டரை ஏன் நிறுத்தலைன்னு எல்லாரும் கேக்கறாங்க சார்," என்று அவராகவே ஆரம்பித்தார். "அதுல செல்ப் எடுக்காது. நிறுத்துனா நாலு பேரு தள்ளணும். சேத்துல எங்க தள்றது? இங்க பாதி வண்டி அப்படித்தான், காலையில ஸ்டார்ட் பண்ணா சாயங்காலம்தான் நிறுத்துவோம்."

"லிவரைத் தள்ளிட்டு எறங்கியிருக்கலாமே," என்றேன்.

"இருக்கலாம். அதுக்கு எஞ்சினை நிறுத்த வேணாம், ஒரு செகண்டு வேலை. நான் புத்தகத்தைப் பாக்காதவன் இல்ல சார். மிஷின் வந்த அன்னிக்கே ஒக்காந்து பாத்தேன். அடைப்பு எடுக்கறதுக்கு ஒரு படம் போட்டிருந்தாங்க. சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கு, அம்பு போட்டிருக்கு. ஒரு கை உள்ள பூந்து வைக்கோலை எடுக்குது. ஓட வுட்டுட்டுத்தான் எடுக்கணும்போலன்னு நெனைச்சேன். அந்தக் கை எப்படிப் புடிச்சிருந்துச்சோ அப்படியேதான் புடிச்சேன்."

புத்தகம் ஜன்னல் மேல் இருந்தது. மச்சான் எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் போட்டார். நான் என் வலது கையைத் தோள்பைக்கு அடியில் நகர்த்தினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். பை மடியில் இருந்தது, கை பைக்கு அடியில் இருந்தது, நாக்கு எழவில்லை.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். வலது கையை எடுத்தால் தழும்பு தெரிந்துவிடும். இடது கையை நீட்டி வாங்கினேன். பெரியவர் சிறியவர் யார் வீட்டிலும் யாரும் செய்யாத காரியம். அந்தம்மா ஒரு கணம் நின்றார். பிறகு அவர் முகம் மாறியது.

"பாரு, சாரே இடது கையால வாங்குறாரு," என்றார் கணவனிடம். என் பக்கம் திரும்பி, "அந்தக் கையால திங்க மாட்டேன்னு பட்டினி கெடக்கறாரு சார். ஊட்டவும் வுட மாட்டேங்கறாரு. கழுவுற கையால எப்படித் திங்கறதுன்னு அழுவறாரு," என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். தனக்காகத்தான் நான் அப்படி வாங்கினேன் என்று எடுத்துக்கொண்டது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்தார். இடது கையால் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். பாதி சட்டையில் கொட்டியது. இரண்டாவது கவளம் சரியாகப் போனது. அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மச்சான் என் அருகில் வந்து, "அன்னிக்கு அடிச்சதை மனசுல வச்சுக்காதீங்க சார்," என்றார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக எதையும் குடித்ததில்லை.

விசாரணை கடலூரில் நடந்தது. ஒரு நீள மேசை. ஒரு பக்கம் முதலாளி, எதிர்ப்பக்கம் கை போனவரும் மச்சானும், தலைப்பக்கத்தில் அதிகாரி. எழுதியவன் என்ற முறையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பழைய ஐந்து வரியை மேசையில் வைத்து, யார் சொல்லி எதை எடுத்தேன், அதற்குப் பதில் எதை எழுதினேன் என்று சொன்னேன். முதலாளி மறுக்கவில்லை. "வரி போனா இன்னா சார், படம் இருக்குதே? அது மிஷின் நின்னுக்கிட்டு இருக்கும்போது எடுத்த படம். பாத்தாலே தெரியும். நிறுத்திட்டுத்தான் கை வைக்கணும்னு அர்த்தம்," என்றார்.

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்குத் தெரியல. ஓடுற மாதிரிதான் இருக்கு," என்று என்னிடம் திரும்பினார். "மிஷின் நின்னுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வலது கையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில், மேசை மேல் வைத்தேன்.

"ஓடியிருந்தா இது இருந்திருக்காது சார்," என்றேன்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். படத்தில் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்த தழும்பு. மேசையில் அதே தழும்பு. கை போனவர் மட்டும் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். மச்சான் அவரைப் பிடிக்கவில்லை.

"அன்னிக்கு எங்க வூட்டுல இடது கையால டீ வாங்குனது இதுக்குத்தானா சார்?"

"ஆமாம்," என்றேன்.

அடித்தார். இடது கை. பழக்கமில்லாத கை, குறி தவறிக் கன்னத்துக்குப் பதில் காதில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன். அதிகாரி பதறி எழுந்து ஆளைக் கூப்பிட்டார். நான் தரையில் கிடந்தபடியே வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அங்கேயே நின்று மூச்சு வாங்கினார். சோற்றுப் பருக்கை ஒன்று அந்த இடது கையின் நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எழுதிக்குங்க சார்," என்று அதிகாரியிடம் சொன்னேன். "படத்தைப் பாத்துக் கை வச்சாரு. படத்துல இருக்கறது என் கை. அலட்சியம் என்னுது."